ஒரு மாதிரியா இருக்கு

ஈசூன்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் சுந்தரேசனுக்கு,

கோவிந்தராசு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை லீலாவும் நலம். ஜொகூரில் உங்கள் சர்க்கரை அடங்கியதா? வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலை மட்டும் காட்டுகிறீர்கள். அதனால்தான் தபால்.

விஷயம் என் மகள், உங்கள் மருமகள் நிரஞ்சனாவைப் பற்றியது. டாக்டர் பட்டம் வாங்கியும் அவள் 'தொடக்கநிலை ஆய்வாளர்'தானாம். புதிதாக ஆய்வுக்கு வந்தவர்களுக்கு அதுதான் பெயராம். நானும் தேக்கா கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அவர்களோ தொடக்கநிலைப் பள்ளியில் வாய்ப்பாடு நடத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்கு டியூஷன் கேட்கிறார்கள்.

வெயிலில் வேலை செய்யும் ஊழியர்கள் மயங்கி விழும் முன் என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் பேட்டி எடுத்த மருதப்பன் என்ற பையன், ஒரு நாள் கட்டட வேலையிடத்தில் "ஒரு மாதிரியா இருக்கு" என்றிருக்கிறான். தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்க்க, 'இது ஒரு சாம்பிள்' என்று வந்ததாம். சாம்பிள் எதுவும் இன்று வரவில்லையே, போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார். அன்று மயங்கி விழுந்த மருதப்பன் இப்போது உயிரோடு இல்லை. இவள் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் போனால் மருத்துவத் துறையில் இது மொழி என்கிறார்கள், மொழித் துறையில் இது மருத்துவம் என்கிறார்கள், சரி, இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களுக்கென்றே ஒரு நிதி இருக்கிறதாமே என்று அங்கே போனால், தலைமைத்துவம் எங்கே, உனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். நிதி வந்தால்தானே ஆள் வைக்க முடியும்? ஆள் இருந்தால்தான் நிதியாம். அடுத்த மாதத்தோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து பேட்டியில் பதிவான, செத்துப்போன பையனின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

தேக்காவில் சேவியர் சாரின் டியூஷன் நிலையத்தில் வேலை தயார். நான் சொன்னால், "இன்னும் ஒரு தடவ அப்ளை பண்ணிப் பாக்குறேன் லா, அப்பா" என்கிறாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாலம் தாண்டி வந்து, ஆராய்ச்சியை விட்டுவிடும்படி சொல்லுங்கள். தாய்மாமன் பேச்சைத் தட்டமாட்டாள்.

உங்கள் சர்க்கரையும் பாலத்து நெரிசலும் குறைய அம்மனை வேண்டிக்கொள்ளும்,
கோவிந்தராசு

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிடுங்கள். எழுதி முடித்ததும் வியர்த்துக் கொட்டியது. லீலாவிடம், "ஒரு மாதிரியா இருக்கு" என்றேன். "காப்பி போடவா?" என்றாள். அறைக்குள் இருந்த நிரஞ்சனா ஓடிவந்து, "எப்பலேருந்துப்பா?" என்று கேட்டபடியே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மாரடைப்பாம். பிழைத்துக்கொண்டேன். மருத்துவமனையில் கண் விழித்ததும், நீ ஆராய்ச்சியை விடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "கவலப்படாதீங்கப்பா. சேவியர் சார்கிட்ட சைன் பண்ணிட்டேன்." தொடக்கநிலைப் பிரிவுக்குத் தலைவராம். அவளுக்குக் கீழே ஆறு பேராம். ஞாயிற்றுக்கிழமை வந்து, விடாதே என்று நீங்களாவது சொல்லுங்கள். இதயம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்கிறார் டாக்டர். எனக்கு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, மச்சான்.