எங்கள் ஷைனிக்குப் பதில் சொல்லும் விமானங்கள்

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
சனிக்கிழமை

அன்புள்ள மகன் சைமனுக்கு அம்மா ஆலிஸ் எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நலம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக இருக்கிறது. மஸ்கட்டில் உன் வேலை, உன் வயிறு, உன் மேஸ்திரியின் கோபம் மூன்றும் நல்லபடியாக இருக்கின்றனவா என்று அறிய ஆவல்.

முதலில் பிள்ளைகள் சமாச்சாரம். உன் தங்கை டெபோராவின் பெரியவன் சாலமன் ஐ.டி.ஐ. முடித்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டான். அங்கே கொடுத்த மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கும் வருகிறான், ஃபாதர் சொன்னால்தான் கழற்றுகிறான். சின்னவள் மாயா மறைக்கல்வித் தேர்வில் பங்கிலேயே இரண்டாவது. முதலாவது வந்தது, பாடம் நடத்துகிற உபதேசியாரின் மகள், அதனால் நீ மாயாவை முதலாவது என்றே வைத்துக்கொள். மூன்றாவது சமாச்சாரம் உன் மகள் ஷைனி. கடிதத்தைக் கீழே வைக்காதே சைமன். போனில் அவள் பெயரை எடுத்தாலே "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய் என்பதால்தான் தபால்தலை வாங்கி எழுதுகிறேன். காகிதத்துக்கு சிக்னல் போகாது.

நீ பார்த்த திருவொற்றியூர் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் பரீட்சை எழுதி மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலையில் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. "என் பேச்ச கேக்காதவகிட்ட எனக்கு இன்னா பேச்சு" என்று நீ சொல்லியும் பதினாலு மாதம். அவளும் உன் பிள்ளைதானே, அவளும் பேசவில்லை. நடுவில் நான் கிடந்து அல்லாடுகிறேன்.

இப்படி இருக்கையில், மூன்று மாதத்துக்கு முன்னால் உன் அப்பா பர்மா பஜாருக்குப் போய் ஒரு ரேடியோ வாங்கி வந்தார். பாட்டு வராது, செய்தி வராது, விமானம் ஓட்டுகிறவர்கள் பேசுவது மட்டும் வரும். ஹார்பரில் முப்பது வருஷம் வாக்கி-டாக்கியைக் கேட்ட காது, ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருக்கமாட்டேன் என்கிறதாம். மொட்டை மாடியில் துணிக்கொடியோடு சேர்த்து ஒரு கம்பியைக் கட்டினார். நான் தெரியாமல் அதில் ஈரப் புடவையைப் போட, கம்பி அறுந்து, கீழே காயவைத்திருந்த நெத்திலியின் மேல் விழுந்து, காக்கை கூட்டம் கூடி, ஒரு கிலோ போயிற்று. மறுபடி கட்டினால், பக்கத்து வீட்டு ஜீனத் மிக்சியைப் போட்டவுடன் ரேடியோ கர்ரென்று கத்துகிறது. போய்ச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, நான் மசாலா அரைச்சா பிளேன் வுழுந்துடுமா?" என்று கேட்டாள். "பிளேன் வுழாதுடி, என் பேத்திக்கு வர்ற பதிலு வுழுந்துடும்" என்றேன். அன்றிலிருந்து, நாங்கள் ரேடியோ போடும் ஐந்து மணிக்கு முன்னாலேயே அரைத்து முடித்துவிட்டு அவளும் மாடிக்கு வந்துவிடுகிறாள், கூடவே சமோசாவும் வருகிறது.

பதில் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? முதல் நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஷைனி குரலைக் காணோம். எல்லாம் ஆண்பிள்ளைக் குரல். நான் அழுதுவிட்டேன். அப்பா சொன்னார்: "தரையில கீறவங்க பேசறது அம்மாந்தூரத்துலேர்ந்து நம்ம வூட்டுக்கு எட்டாது ஆலிஸ். மேல கீறவன் பேசறதுதான் எட்டும். ஆனா அவ இன்னா சொல்றாளோ அத்த அவன் அப்டியே திருப்பிச் சொல்லணும். அதான் அவங்க சட்டம்." எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. மன்றாட்டு மாலையில் ஒருவர் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்வது போலத்தானே? இங்கிலீஷ் எனக்குத் தெரியாவிட்டாலும் திருவிழா தம்போலாவில் நம்பர் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் நம்பர் மட்டும் அத்துப்படி. ஜீனத்தும் நானும் ஆளுக்கொரு தம்போலா சீட்டை வைத்துக்கொண்டு நம்பர் வர வர அடிக்கிறோம். நேற்று அவளுக்கு முதல் வரிசை முழுக்க விழுந்தது. தொண்டை கனத்த, அவரவர் வீட்டில் யார் பேச்சையும் கேட்காத ஆண்பிள்ளைகள், ஷைனி "இறங்கு" என்றால் "இறங்குகிறேன்" என்கிறார்கள், "நில்லு" என்றால் "நிற்கிறேன்" என்கிறார்கள். இந்த ஆகாயத்தில் போகிற அத்தனை பேரும் உன் மகளுக்குப் பதில் சொல்கிறார்கள் சைமன். பதில் சொல்லாதவன் நீ ஒருத்தன்தான்.

போன வாரம் ஒரு கூத்து. இறங்க வந்த விமானம் ஒன்று இறங்காமல் மறுபடி மேலே போகிறது என்று அப்பா காதில் வாங்கிச் சொன்னார். ஷைனி வேலையில் இருக்கும் நேரம். நாங்கள் ரேடியோ கேட்பது அவளுக்குத் தெரியாது, சொன்னால் கூச்சப்படுவாள், அதனால் போன் போடவும் வழியில்லை. செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடி, மாலைப் பூசையில் அந்த விமானத்துக்காக வேண்டச் சொல்லிக் கருத்து வைத்துவிட்டேன். ஃபாதரும் நல்ல மனசோடு, "சென்னையில் இறங்க வந்து, இறங்காமல் மேலே போன விமானத்தில் உள்ளவர்களுக்காக" என்று ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டார். பாதிக் கோயில் போனை எடுத்தது. "எந்த பிளேனு? எத்தினி பேரு?" என்று உபதேசியார் பலிபீடத்துப் பக்கத்திலிருந்தே கேட்கிறார். அந்த நேரம் பார்த்து உன் அப்பா முழங்காலை இழுத்துக்கொண்டு நடு வழியில் வந்து, "அது அப்பவே எறங்கிடுச்சு! முன்னாடி எறங்குனவன் இன்னும் வழிய வுடலியாம். ஒரு சுத்து சுத்தி வந்து சோக்கா எறங்கிட்டான்!" என்று கத்தினார். ஃபாதர் கையிலிருந்த கருத்துச் சீட்டை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "ஆலிஸம்மா, அப்ப இத நன்றிப் பூசன்னு மாத்திக்கலாமா?" என்றார்.

வீட்டுக்கு வந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்க வந்து இறங்காமல் போனவனை யாரும் திட்டவில்லை. மானம் போய்விட்டதென்று அவனும் வேறு ஊருக்குப் போய்விடவில்லை. ஒரு சுற்றுக்கு இடம் கொடுத்தார்கள், சுற்றிவிட்டு வந்து இறங்கினான். நீ பதினாலு மாதமாகச் சுற்றுகிறாய். போதும் கண்ணு, இறங்கு. கிறிஸ்துமஸுக்கு லீவு கேள். அவளுக்குச் சாயந்திர வேலை இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்கிறேன், அந்த நேரத்துக்கு வந்து சேரும் விமானத்தில் டிக்கெட் எடு. உன்னை உன் மகள்தான் இறக்கிவைப்பாள். நீ வாயைத் திறக்காவிட்டாலும் உனக்குப் பதிலாக உன் விமானி அவளுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். மாடியில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொள்வேன்.

தலைக்கு எண்ணெய் வை. ஏசிக்கு நேராகப் படுக்காதே. அந்தோணியார் உன் கூடவே நடக்கட்டும், நீ வேகமாக நடந்தாலும் விடாமல் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா ஆலிஸ் பாஸ்கல்

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம். உறையை ஒட்டுவதற்குள், மீனம்பாக்கத்தில் தங்கியிருக்கும் ஷைனி சாப்பிட வந்து கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அப்பா ரேடியோவில் திருகி வைத்திருப்பது வேறு அறைக்காரர்களின் நம்பராம். "ஆயா, நான் கீற ரூமு வேற. எங்களுது ரொம்ப ஒசரத்துல தாண்டிப் போறவங்க. எறங்கறவங்க எங்ககிட்டயே வரமாட்டாங்க. அதுவும் நான் இன்னும் டிரெயினிங்தான், கத்துக்குடுக்கற சங்கரநாராயணன் சார் பக்கத்துல குந்திகினு கீறாரு" என்கிறாள். ஆக, மூன்று மாதமாக நானும் ஜீனத்தும் கேட்ட பதில் ஒன்றுகூட இவளுக்கு வந்ததில்லை. ஜீனத்திடம் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உன்னைப் பற்றி எழுதின இடம் வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு, "நேரம் பாத்துலாம் டிக்கெட் எடுக்க வேணாம்னு எய்து ஆயா. நைனா எந்த பிளேன்ல வந்தாலும் அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு வெளிய கேட்டாண்ட நிக்கிறேன்" என்றாள். எழுதிவிட்டேன். உறைமேல் விலாசம் அவள் எழுதினதுதான், பார். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, நைனாவுக்கு முடி நரைத்துவிட்டதா என்று கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. போனில் அனுப்பாதே, கடையில் பிரிண்டு போட்டு, புதுப் போட்டோ ஒன்று உடனே தபாலில் அனுப்பு.