தேதி கிழிந்த காலண்டர் தாள்

ஐயம்பேட்டையில் ஜோசியர் நாள் குறிக்காமல்கூடக் கல்யாணம் நடந்திருக்கிறது. காலண்டர் நாள் குறிக்காமல் ஒன்றுகூட நடந்ததில்லை.

காலண்டர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். நிஜப் பெயர் அவருடைய லைசென்ஸுக்கு மட்டும்தான் தெரியும். ஜோசியர் குறிப்பது முகூர்த்த நாள். இவர் குறிப்பது பணம் கொடுக்கும் நாள். மண்டபத்துக்கு என்றைக்கு, சமையலுக்கு என்றைக்கு, மேளத்துக்கு என்றைக்கு என்று தினசரிக் காலண்டரிலிருந்து தாள்களை உருவி, ஒவ்வொன்றிலும் எழுதி, குண்டூசி குத்திக் கொடுத்துவிடுவார். பணம் கொடுத்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும். ஆலோசனை எல்லாம் ஆட்டோ ஓடும்போதே, பின்னால் திரும்பியபடி நடக்கும். கல்யாணத்தைவிட உயிர் பெரிது என்று பாதி வழியில் இறங்கியவர்கள் உண்டு.

“மொத்தமா மட்டும் குடுத்துடாதமா. துட்டு முழுசா வந்துட்டா போட்டோகாரன் போனை எடுக்கமாட்டான்” என்பார். ஒரு வீட்டில் கேட்கவில்லை. கல்யாண ஆல்பம், குழந்தைக்குக் காது குத்தும்போதுதான் வந்தது.

மேளத்துப் பாக்கிக்கு அவர் வைத்த கெடு மூன்றாவது முடிச்சு. கவரோடு மேடைப் பக்கம் நின்று, “ஒண்ணு... ரெண்டு...” என்று சத்தமாக எண்ணுவார். நாயனக்காரர் ஒரு கண்ணைத் தாலி மேலும் மறு கண்ணைக் கவர் மேலும் வைத்துக்கொண்டு ஊதுவார்.

என் கல்யாணம் தை மாதம் என்று முடிவானது. அப்பா பட்டு நெய்பவர். தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலை வைத்தே காலண்டர் அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

“மாசத்தப் பாக்காதணா, தறியப் பாரு. ஒரு பாவுக்கு மூணு பொடவை. பொடவை எறங்கனாதான் உனக்குக் கூலி. மொத பாவு மண்டபத்து அட்வான்சு, ரெண்டாவது பாவு மண்டபத்து பாக்கி, மூணாவது சமையலுக்கு. சரியா?”

அப்பா பூரித்துப்போனார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. தறிக்குழியில் தண்ணீர் ஏறி, இரண்டாவது பாவு பாதியில் நின்றது. மண்டபத்துக்காரர் போன் செய்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பாக்கி வரலன்னா வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவேன். தை மாசத்துக்கு ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க.”

பத்திரிகை அடித்தாகிவிட்டது. அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்குக் காலண்டர் மேல் ஆத்திரமாக வந்தது. “எல்லாத்தையும் கணக்கு போட்டீங்களே மாமா, மழைய ஏன் போடல?” என்று கேட்டே விட்டேன். எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர், ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நடந்து வந்தார். ஆட்டோ ரோட்டில் ஓடத் தேவையான எஃப்.சி. சான்று எடுக்க வைத்திருந்த பணத்தை அப்பா கையில் திணித்தார்.

“வண்டி இன்னாபா ஆவறது?”

“வூட்டாண்ட நிக்கட்டும். அதுக்கு இன்னா, கல்யாண வயசா ஆயிடுச்சி?”

வழக்கம்போல ஒரு காலண்டர் தாளையும் நீட்டினார். ‘எனக்கு’ என்று எழுதியிருந்தது. தேதி அச்சாகியிருந்த பகுதியை மட்டும் கிழித்திருந்தார்.

“என்னிக்குத் திருப்பித் தரணும்னு போடலியே?” என்றார் அப்பா.

“மொதல்ல மழை வுடட்டும்ணா.”

கல்யாணத்துக்குப் பஸ்ஸில் வந்தார். கூட்டத்தைத் திட்டிக்கொண்டே இறங்கி, கவரோடு நின்று, என் மூன்று முடிச்சையும் எண்ணினார்.

அப்பா அந்தக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். காலண்டர் சட்டப்படி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. என் கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டும் படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.