பெரியம்மாவின் அமைதியான படம்

நடிகைகளில் மூன்று வகை உண்டு. சினிமாவில் நடிப்பவர்கள், மேடையில் நடிப்பவர்கள் என்ற முதல் இரண்டு வகைக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் 'முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிடுவார்கள். மூன்றாவது வகைக்கு முடிவே கிடையாது. தினமும் சாயங்காலம் நீங்கள் கூப்பிடாமலே உங்கள் கூடத்துக்கு வந்து, உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நின்றுகொண்டு, யாருடைய குடும்பத்தையோ கெடுத்துவிட்டுப் போகும் வகை. தொலைக்காட்சித் தொடர் நடிகை.

இந்த இனத்தில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொடரில் அவர் ஒரு கூட்டுக் குடும்பத்தின் பெரியம்மா. அதனால் ஒளிப்பதிவாளரிலிருந்து காய்கறிக்காரர் வரை எல்லாருக்கும் பெரியம்மா. சொந்தப் பெயர் வங்கியில் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. தங்கையாக நுழைந்தவர்தான். தங்கை காதலியாகி, காதலி மனைவியாகி, மனைவி அண்ணியாகி, ஒருநாள் காலை ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தபோது காதோரம் வெள்ளை தடவினார்கள்.

"எதுக்குப்பா?"

"இனிமே நீங்க பெரியம்மா, மேடம்."

பதவி உயர்வு அவ்வளவுதான். முந்தைய தொடரில் கணவராக வந்தவர் இதில் கொழுந்தனார் மகன். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

யாராவது கூப்பிட்டால் நீங்களும் நானும் திரும்பிப் பார்ப்போம். பெரியம்மா முதலில் திரும்புவார், அப்புறம் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் ஓர் இசையமைப்பாளருக்கு இடம் விட்டிருப்பார். "சார்ஜர் எங்கம்மா?" என்று மகள் கேட்டால் முதலில் தோள் அசையும், பிறகு கழுத்து, பிறகு கண்.

"அம்மா, நடுவுல விளம்பரம் எதுவும் வராது. சீக்கிரம் சொல்லு, எனக்கு பஸ் போயிடும்."

இதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு. தொடரில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வரி வரியாக எடுத்துக் கொடுக்க, இவர்கள் அழுகையைச் சேர்த்துத் திருப்பிச் சொல்வார்கள். வருடக்கணக்கில் அப்படியே பேசிப் பழகிய பெரியம்மாவுக்கு வீட்டில் கோபம் வரும், வசனம் வராது. மூக்கு விடைக்க நிற்பார். கணவர் காப்பீட்டு நிறுவன எழுத்தர், பொறுமைசாலி. செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் மெல்லச் சொல்வார்: "இந்த வீட்ல என்னை யாரு மதிக்கிறாங்க."

"இந்த வீட்ல என்னை யாரு மதிக்கிறாங்க?" என்பார் பெரியம்மா, கண் கலங்க. கணவரைத் திட்டுவதற்கும் கணவரே வசனம் கொடுக்கும் வீடு வேறெங்காவது இருக்கிறதா?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒருநாள், படப்பிடிப்பு நடுவே, புகைப்படக்காரர் வந்து நின்றார்.

"பெரியம்மா, ஒரு படம் எடுத்துக்கறேன். நேரா பாருங்க. லேசா சிரிச்ச முகம். அமைதியா."

"எதுக்கு?"

"சும்மாதான். ஆபீஸ் பைலுக்கு."

"பைலுக்கு எதுக்குப்பா அமைதி?"

 மின்விசிறியைத் தள்ளிக்கொண்டு போனவர்கூட நின்றுவிட்டார். ஏனென்றால் தொடர் உலகத்தில் நேராகப் பார்த்து, லேசாகச் சிரித்து, அமைதியாக எடுக்கப்படும் படத்துக்கு ஒரே ஒரு உபயோகம்தான். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, செட்டின் கூடத்துச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் மற்றவர்கள் நின்று அழுவார்கள். மாமனாராக நடித்தவரை இப்படித்தான் காலையில் படம் எடுத்தார்கள்; சாயங்காலம் அவர் சுவரில் இருந்தார். பாவம், தன் விபத்துக்குக்கூட அவரை நடிக்கக் கூப்பிடவில்லை. போனில் செய்தி வந்ததாக வைத்துக்கொண்டார்கள்.

பெரியம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொடரைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்; சேனல் ஒரு சாவு கேட்கிறது. இந்த வயதில் சுவரில் ஏறினால், இறங்கி இன்னொரு தொடருக்குப் போக வழியில்லை. ஒரே ஒரு சந்து தெரிந்தது: படம் இல்லாமல் யாரையும் சாகடிக்க முடியாது.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் சரியான நொடியில் தும்மினார். அதற்கடுத்த நாள் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அதைச் சுவரில் மாட்டினால் செத்ததில் அவருக்கே சந்தோஷம் என்றாகிவிடும். இயக்குநர் பழைய படங்களைப் புரட்டினார். அண்ணியானதிலிருந்தே வில்லி அல்லவா, ஒவ்வொன்றிலும் ஒரு புருவம் மேலே நின்றது. கடைசியில் வீட்டுக்கே போன் செய்தார்.

"சார், மேடம் அமைதியா இருக்கிற மாதிரி படம் ஏதாவது இருக்கா?"

எதிர்முனையில் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "அமைதியாவா? தேடித்தான் பாக்கணும் சார்."

கேட்டதைத் தேடிக் கொடுப்பது எழுத்தர்களின் சுபாவம். ஏன், எதற்கு என்று கேட்பது அதில் சேராது. கல்யாணப் படத்தில் மணமகள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவற்றில் பெரியம்மா முன்னால் வந்து நின்றதில் கணவரே பாதிதான் தெரிந்தார். தேடித் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது, மகள் எப்போதோ விளையாட்டுக்கு எடுத்தது: சோபாவில், வாய் லேசாகத் திறந்து, பெரியம்மா தூங்குகிறார். அனுப்பிவிட்டார்.

படம் போன கதையைச் செட்டிலேயே கேட்டுவிட்டு அன்று வீட்டுக்கு வந்த பெரியம்மா மூக்கு விடைக்க நின்றார். கணவர் குற்றவாளியின் குரலில் எடுத்துக் கொடுத்தார்: "நம்பினவரே இப்படிக் கழுத்தறுத்தா நான் எங்க போவேன்."

"நம்பினவரே…" என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. இசைக்கு இடம் விடாமல் பெரியம்மா அழுது வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்போது போன் வந்தது. இயக்குநர்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் அனுப்பின படம் பிரமாதம். இவ்வளவு அழகா தூங்குறவங்களை எதுக்குச் சாகடிக்கணும்? கோமால படுக்க வச்சுடறோம்."

அன்றிலிருந்து பெரியம்மா படுத்திருக்கிறார். வசனம் இல்லை, எடுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லை. குடும்பமே கட்டிலைச் சுற்றி நின்று அழுகிறது. தொடரில் மருமகளாக வரும் பெண் உருகி உருகிப் பேசும்போது, கட்டிலில் ஒரு புருவம் மெல்ல மேலே போகும்.

"பெரியம்மா, நீங்க கோமா."

"கோமாலதாம்ப்பா இருக்கேன்."

"புருவம் இல்லையே."

இயக்குநர் கத்தியும் பயனில்லை. புருவம் அசைகிறதே, எழுவாரா, மாட்டாரா என்று பார்க்க டிவி முன்னால் ஊரே கூடிவிட்டது. சேனல் அந்தப் புருவத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

சிரித்துக்கொண்டே படித்துவிட்டீர்கள். போன தடவை காய்ச்சல் விட்டு, எழுந்து உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நாத்தனார் குரல் கேட்டதும் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டது யார்? "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல், முதலில் கண்ணை மட்டும் திறந்தது யார்? நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கை வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். பெரியம்மாவாவது சம்பளம் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.