முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட கழுதைப்புலி

ஒரு காட்டில், நூலகமும் அதற்கொரு குழுவும் குழுவுக்கொரு தலைவரும் வந்து சேர்ந்திருந்த காலத்தில், ஊசிநாதன் என்றொரு முள்ளம்பன்றி பழிவாங்கிக்கொண்டிருந்தார். பாய்ந்து குதறும் வேலையெல்லாம் இல்லை, அதற்கு அவர் உடம்பு ஒத்துழைக்காது. நாவல் எழுதினார். இருண்ட மாயலோகம், செத்துப் பிழைத்த முள்ளரசி, அவள் குடும்பத்தைத் தின்ற குகை மன்னன் எல்லாம் வரும் கதை, மொத்தம் மூன்று பாகங்கள். 'குருதிக் குகை', 'சாம்பல் சிம்மாசனம்' இரண்டும் வெளிவந்துவிட்டன. மூன்றாவதும் கடைசியுமான 'எலும்பு மகுடம்' அச்சில் இருந்தது.

குகை மன்னன் யார் என்பது ஊசிநாதனுக்கு மட்டுமே தெரியும். எலும்பரசு என்ற கழுதைப்புலி. ஆறு மழைக்காலங்களுக்கு முன்னால், ஊசிநாதனின் தங்கை செவந்தியை ஆற்றுக்குப் போகும் வழியில் தின்றவர் அவர்தான். தங்கையின் முட்களைப் பொறுக்கிக்கொண்டு வந்த அண்ணனுக்கு அன்றைக்கு அழக்கூட வரவில்லை. அழுததெல்லாம் பிறகு, எழுத உட்கார்ந்தபோதுதான்.

முதல் இரண்டு பாகங்களில் பயந்து பயந்து மறைத்தார். மன்னனுக்கு மூன்று தலை வைத்தார், போதாதென்று இறக்கையும் வைத்தார். மூன்றாம் பாகத்தில் துணிந்துவிட்டார். பாதி கிழிந்த இடது காது, சிரித்து முடித்ததும் வரும் விக்கல், குகை வாசலில் நிற்கும் இலுப்பை மரம் எல்லாம் உள்ளபடியே இருந்தன. கடைசி நாற்பது பக்கங்களில் முள்ளரசி அவரை அணு அணுவாகக் கொன்றாள். வாசிக்கிற யாருக்கும் ஆள் யாரென்று விளங்கிவிடும். எலும்பரசு ஒரே ஒருமுறை தலைகுனிந்தால் போதும், ஊசிநாதனின் மனசு ஆறிவிடும்.

பதிப்பாளர் மணவாளன் ஒரு மரநாய். அவர் வெளியீட்டு விழா அழைப்பிதழைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் பிரதி பெற்றுக்கொள்பவர், நூலகக் குழுத் தலைவர் எலும்பரசு என்றிருந்தது.

"இவரையா கூப்பிட்டீங்க?" என்றார் ஊசிநாதன்.

"பின்ன? நூலகத்துல நம்ம புத்தகத்தை வாங்கணும்னா பன்னிரண்டு பக்கப் படிவம், மூணு நகல், எல்லாத்துலயும் அவரு கையெழுத்து. ரெண்டாம் பாகத்துக்கு வரிசையில நின்னு நின்னு என் வாலு தேஞ்சதுதான் மிச்சம். கொஞ்சம் சும்மா இருங்க சார்."

ஊசிநாதன் சும்மா இருந்தார். ஆனால் உள்ளுக்குள் குதூகலம். மேடையில் வைத்தே மனுஷர் புத்தகத்தைப் பிரிப்பார், அங்கேயே கையும் களவுமாக மாட்டுவார் என்று மனக்கோட்டை கட்டினார். பாவம், எத்தனையோ விழாக்களுக்குப் போயிருந்தும் ஒரு சின்ன விஷயம் அவருக்கு மறந்துவிட்டது. அந்தக் காட்டு விழாக்களில் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள், அவ்வளவுதான்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. வாழ்த்துரை வழங்க வந்த யானை, தன் மூட்டுவலியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியது. அடுத்து எலும்பரசு எழுந்து மைக்கைத் தட்டினார்.

"நான் இன்னும் வாசிக்கல. ஆனா அட்டையப் பார்த்தாலே தெரியுது. பழிவாங்குறது எவ்வளவு தப்புன்னு தம்பி ஆணித்தரமா சொல்லியிருக்காரு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு பொன்னாடை. நூலாசிரியர்தான் போர்த்த வேண்டும் என்பது வழக்கம். செவந்தியைத் தின்ற வாய்க்குப் பக்கத்தில் நின்று போர்த்தினார் ஊசிநாதன்.

"இன்னும் கொஞ்சம் மேல இழுத்துவிடுங்க தம்பி. இந்தக் காது போட்டோவுல நல்லா விழாது" என்றார் எலும்பரசு. இழுத்துவிட்டார்.

விழா முடிந்து மூன்று வாரம் ஆகியும் காட்டில் ஒரு சலசலப்பும் இல்லை. எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் "படிச்சிட்டுச் சொல்றேன்" என்று சொல்லி நழுவினார்கள். அதற்கு மறுநாள் காலையில், மூன்று பாகத்தையும் முழுதாக வாசித்த ஒரே ஆள் ஊசிநாதனின் வளை வாசலுக்கு வந்தார். வந்தவர் எலும்பரசு. கையிலிருந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் முனை மடித்திருந்தது.

"தம்பி, அந்தக் குகை மன்னன் நான்தானே?"

ஊசிநாதனுக்கு முட்களெல்லாம் குத்திட்டு நின்றன. ஆனாலும் பின்வாங்கவில்லை. ஆறு வருஷமாக இதற்காகத்தானே உயிரோடு இருந்தார்.

"ஆமா, நீங்கதான். எனக்கு செவந்தின்னு ஒரு தங்கச்சி இருந்தா."

எலும்பரசின் கண் கலங்கியது. தலை மெல்லத் தாழ்ந்தது. செவந்தி, பார்த்தாயா என்று ஊசிநாதன் மனசுக்குள் விம்மினார்.

"என்னைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு துண்டுப் பிரசுரம்கூடப் போட்டதில்ல தம்பி" என்றார் எலும்பரசு. "நீங்க மூணு பாகம் எழுதியிருக்கீங்க! எனக்குப் பேச்சே வரல. கடைசியில கொன்னுட்டீங்க, அது பரவாயில்ல. ஆவியா வரலாம்ல? நாலாம் பாகம் எப்போ?"

"நாலாம் பாகம் கிடையாது. எழுத ஒண்ணும் மிச்சமில்ல" என்றார் ஊசிநாதன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

எலும்பரசு பரிவோடு குனிந்து, வளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அதுக்கெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க, நான் இருக்கேன். வீட்டுல வேற யார் யாரு இருக்காங்க?"

நீதி: எதிரியை எழுதியே பழிவாங்க நினைப்பவர், அவருக்கு வாசிக்கும் பழக்கம் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.