ஒரே ஒரு வீடு போதும்

எண்களால் எந்த ஊரும் உருப்பட்டதில்லை, கதைகளால்தான் உருப்படும் என்கிற பேருண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை நகரச் சுகாதாரக் குழுவையே சாரும். அந்த ஞானோதயத்துக்குப் பிறகு, அட்டவணை ஒட்டிய அறிக்கை எதையும் குழு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இது தெரியாமல் தண்ணீர்ப் பரிசோதகர் ஒரு முழ நீள அட்டவணையோடு போய் நின்றார், பாவம். கடைசித் தெருவில் குடிநீர்க் குழாய்க்குள் சாக்கடை கசிகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் அதைத்தான் குடிக்கின்றன. மஞ்சள் காமாலை தலைகாட்டிவிட்டது. குழாய் முழுவதையும் மாற்றியாக வேண்டும். அந்தத் தெருவில்தான் அவருடைய அக்காவும் குடியிருந்தாள். அவள் மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

குழுவின் 'கதையியல் ஆலோசகர்' அட்டவணையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டு வீடா? இத்தனை பேருக்கு யாரு மேடம் அழுவாங்க? ஒரு வீடு போதும். ஒரே ஒரு குழந்தை."

"மத்த வீட்டுலயும் அதே தண்ணிதானே சார்?"

"அது படிக்கிறவங்களுக்குத் தானா புரிஞ்சிடும்."

சொந்த அக்கா மகனை எழுதினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆகவே பரிசோதகர் அக்காவின் பக்கத்து வீட்டுச் சிறுமியை எழுதினார். அவள் பொம்மைக்குத் தண்ணீர் புகட்டும் கட்டத்தில் எழுதியவருக்கே கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் தலைவர் மூக்கைச் சிந்தினார். பொறியாளர் தேம்பினார். தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. எட்டு வருஷமாக அசையாத கோப்பு நாலே நாளில் நடந்தது, ஓடியது, பள்ளம் தோண்டும் இயந்திரத்தோடு தெருவுக்கே வந்து நின்றது. பரிசோதகருக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

பளபளவென்று புதுக் குழாய் மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பி, தெரு நெடுக வந்து, அந்தச் சிறுமியின் வீட்டுக்குள் மட்டும் நுழைந்தது.

"மத்த வீடெல்லாம்?" என்று பரிசோதகர் பொறியாளரைக் கேட்டார்.

பொறியாளர் கடமை தவறாதவர். கதையை வரிக்கு வரி புரட்டிப் பார்த்தார்.

"வேற வீடு எதுவும் இதுல வரலையே மேடம். நீங்கதானே எழுதினீங்க?"

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பையன் சுருண்டு படுத்திருந்தான். கண்கள் மஞ்சளாக இருந்தன.

"எங்களை ஏண்டி எழுதலை?"

"சொந்தக்காரங்களை எழுதினா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்க்கா."

அக்கா மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி. இவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்பவாவது எழுதுவியா?"