மோசத்தில் முதலிடம்

"எல்லாருக்குமே முதல் இடம்னா, ரெண்டாவது இடத்துல நான் போய் நிக்கட்டுமாய்யா?" என்று கேட்டார் நகராட்சித் தலைவர்.

கட்டடப் பிரிவுப் பொறியாளர் கையிலிருந்த கடிதங்களை மறுபடியும் புரட்டினார். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஓய்வு பெறப் போகிறவரின் களைப்பு வந்திருந்தது. நகராட்சிக்குப் பதினோரு பள்ளிகள். பழுதுபார்க்க வந்திருந்த நிதியோ ஒரே ஒரு பள்ளிக்குத்தான் காணும். எது ரொம்ப மோசமோ அதற்கே கொடுப்பது என்று முடிவாகி, 'உங்கள் கட்டடத்தின் நிலை என்ன?' என்று எல்லாப் பள்ளிகளையும் கேட்டிருந்தார்கள். பத்துப் பள்ளிகள் 'மிக மிக மோசம்' என்று எழுதியிருந்தன. போன மாதம் திறப்பு விழா கண்ட பள்ளியும் அதில் அடக்கம்.

பதினோராவது பள்ளியின் தலைமையாசிரியர் மட்டும் 'நலம். நலமறிய ஆவல்' என்று எழுதியிருந்தார்.

பொறியாளரின் மனைவி அந்தப் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். மகளும் அதே வகுப்பில்தான் படிக்கிறாள். அந்த வகுப்பின் உத்தரம் உளுத்துப் போய், எப்போது யார் தலையில் விழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, நான் அண்ணாந்து பாத்துக்கிட்டேதான் பாடம் நடத்துறேன். பெத்த பொண்ணு அதுக்கு நேர் கீழ உக்காந்திருக்கா" என்றாள் மனைவி. "ஊர்க் கட்டடத்துக்கெல்லாம் நீங்க அதிகாரி. எதுக்கு?"

"உங்க ஹெச்.எம். நலம்னு எழுதிக் குடுத்தா நான் என்னம்மா பண்ணட்டும்? நானா மாத்தி எழுதினா, பொண்டாட்டி ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுத்துட்டான்னு நாறடிச்சிடுவாங்க."

"அப்போ பொண்ணுக்கு ஒரு ஹெல்மெட்டாவது வாங்கிக் குடுங்க."

அவர் விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வாயால் சொன்னதை நம்ப முடியாது, போட்டோ அனுப்பட்டும் என்று பொறியாளர் யோசனை சொன்னார். போட்டோக்கள் வந்தன.

"சார், இந்த நாலு ஸ்கூல்லயும் ஒரே விரிசல்" என்றான் பியூன்.

"விரிசல்னா எல்லாம் ஒரே மாதிரிதான்யா இருக்கும்."

"பக்கத்துல உக்காந்திருக்கிற பல்லியுமா சார்?"

மனைவியின் பள்ளியிலிருந்து பூந்தொட்டிகளின் போட்டோ வந்திருந்தது. தலைவர் அதைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லை, நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார் பொறியாளர். தலைவரையும் அழைத்துக்கொண்டு போனார். ஒரு பள்ளியில் இவர்கள் வருவது தெரிந்து நல்ல படிக்கட்டைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் பள்ளியிலோ சுண்ணாம்பு அடித்து, கூரை ஓட்டைகளைக் கலர் காகிதத் தோரணத்தால் மறைத்து, சுவர் முழுக்க உலக வரைபடம் மாட்டியிருந்தார்கள். அதிகாரி வருகிறார் என்றால் வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிற மாதிரி பள்ளிக்கூடத்தை ஜோடிக்கிற வழக்கம் ஒன்று உண்டே, அதுதான் என்று பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பிரமாதம்! இதுக்கு எதுக்கு ரிப்பேர்? கடைசி இடத்துல போடுங்க" என்றார் தலைவர்.

அன்று வீட்டில் சாப்பாடு மேஜையில் இருந்தது, மனைவி பக்கத்து அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

அடுத்த பெருமழைக்காகப் பொறியாளர் காத்திருந்தார். அது வந்ததும் தலைவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றாம் வகுப்பில் போய் நின்றார். கூரை எட்டு இடத்தில் ஒழுகியது. எட்டு இடத்திலும் வாளி இருந்தது. வாளியைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சார் இது?" என்றார் தலைவர்.

"அளவைப் பாடம் சார்" என்றார் தலைமையாசிரியர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "எத்தனை சொட்டு சேர்ந்தா ஒரு லிட்டர்னு பிள்ளைங்களே கண்டுபிடிக்கிறாங்க."

"ஆகா! செயல்முறைக் கல்வி! யோவ், இந்தக் கூரை மேல யாரும் கை வைக்கக் கூடாதுய்யா!"

அப்போது ஒரு சொட்டு மகளின் உச்சந்தலையில் விழுந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் துடைத்துக்கொண்டு எழுதினாள். பழகிவிட்டிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று பொறியாளர் இரண்டு எட்டில் போய் உலக வரைபடத்தைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

பின்னால் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு விரிசல். அதன் வழியே அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "சாக்பீஸ் வேணுமா சார்?" என்றார்.

அந்த வாரமே முடிவு மாறியது. மனைவியின் பள்ளிக்கு மோசத்தில் முதலிடம். வேலை முடியும்வரை பள்ளியைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பச் சொல்லி உத்தரவு போனது. வீட்டில் கதவு திறந்தது. "பரவாயில்லையே, உங்களுக்கும் கோபமெல்லாம் வருமா?" என்று மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். பொறியாளர் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் தலைமையாசிரியர் அலுவலகத்துக்கு வந்து, சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார்.

"தோரணம் கட்டினேன், வாளி வெச்சேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார்.

"ஏன் சார், நல்லது நடக்கும்போது இப்படிப் பேசுறீங்க? ஆறே மாசம். புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துடுவோம்."

தலைமையாசிரியர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அறையின் நான்கு சுவர்களையும் ஒரு தடவை பார்த்தார். வெளியே போய்விட்டார்.

"என்னய்யா மனுஷன் இவர்?" என்று பொறியாளர் பியூனிடம் ஆற்றாமையோடு கேட்டார். "ரிப்பேர்தானே பண்ணப் போறோம்? என்னமோ பொணத்தை ஒப்படைக்கிற மாதிரி சாவியை வெச்சிட்டுப் போறாரு!"

பியூன் சாவிக்கொத்தை எடுத்து ஆணியில் மாட்டினான்.

"போன தடவை ரிப்பேருக்குன்னு பூட்டின ஸ்கூல்லதானே சார் நாம இப்ப ஆபீஸ் நடத்திக்கிட்டிருக்கோம்."