படகு வாங்கப் போனவன் சமரசம் செய்துவிட்டு வந்தது பற்றி

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் கொழுந்தியாளும் குழந்தைகளும் சௌக்கியமா என்று முறைப்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்கள் எப்போதும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். அதைக் கேட்டு நடந்தவனின் கதியைத்தான் இனி எழுதப் போகிறேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு படியுங்கள். எனக்குச் சாயக்கூடத் தெம்பில்லை.

முதலில் இந்தப் படகு ஆசை யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இதை ஓய்வு பெற்றவனின் கிறுக்கு என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. கிறுக்கு என்னுடையதல்ல, உங்கள் மனைவியின் அக்காவுடையது. தொழிலாளர் சமரச அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து சண்டை தீர்த்தவன் நான். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும், என் வீட்டு வாசல் மூடாது. சாப்பாட்டில் கை வைக்கும்போது ஒருவர் வந்து கதவைத் தட்டுவார், அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் எதிர்த்தரப்பு வந்து தட்டும், இரண்டு பேரும் போன பிறகு பார்த்தால் சாப்பாடும் ஆறியிருக்கும், அவளும் தூங்கியிருப்பாள். ஓய்வு பெற்ற அன்று, அலுவலகத்தில் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை மாட்ட ஆணி தேடிக்கொண்டே, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டேன். "யாரும் வந்து கதவைத் தட்டாத எடத்துல ஒரு மணி நேரம் உங்களோட உக்காந்திருக்கணும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். முப்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு மணி நேரம் எங்களுக்கு வாய்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவே இல்லாத இடம் எது என்று யோசித்ததில் ஏரி நினைவுக்கு வந்தது. படகு வாங்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏரிக்கரைச் சாலையில் படகுக்கடை இரண்டு. ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர், இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. இரண்டு பேரும் விற்பது ஒரே கம்பெனிப் படகு. ஒன்பது வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. முதல் நாள் அண்ணன் கடையில், இரண்டு பேர் உட்காரும் சின்ன மோட்டார் படகு ஒன்றில் உங்கள் மனைவியின் அக்கா ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணைத் திறப்பதற்குள் அந்த மனிதர் விலையை முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் எடுத்து வைத்திருந்தது அதில் முக்கால் பங்குதான். அன்று மாலை நீங்கள் போன் செய்தீர்கள்.

"புடிச்ச மாதிரியே காட்டிக்காதீங்க சகலை. இவன் சொன்ன வெலைய அவன்கிட்ட சொல்லுங்க, அவன் சொன்னத இவன்கிட்ட சொல்லுங்க. நடுவுல நீங்க சும்மா நடந்துக்கிட்டு இருந்தா போதும், அதுவா எறங்கும்" என்றீர்கள்.

நடந்தேன். ஐந்து வாரம் நடந்தேன். அண்ணனிடம் போய்த் தம்பியின் விலையைச் சொன்னால், "அவன் கடைப் படகு தண்ணியில நிக்குமான்னு மொதல்ல கேளுங்க" என்று கொஞ்சம் இறக்குவார். இரண்டும் ஒரே படகு என்பதை நான் நினைவூட்டவில்லை. தம்பியிடம் போனால், "ஓஹோ, அவரு அப்படி சொன்னாரா? ரெண்டு லைஃப் ஜாக்கெட் சும்மாவே தர்றேன்னு போய் சொல்லுங்க" என்பார். அண்ணன் நங்கூரமும் கயிறும் சேர்ப்பார், தம்பி மழைக்கு மூடும் உறையைச் சேர்ப்பார், அண்ணன் படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வண்டியைச் சேர்ப்பார். "எங்ககிட்ட காரே இல்லீங்களே" என்றேன். "பரவாயில்ல சார், அவன் தரலேல்ல, வெச்சுக்கோங்க" என்றார். நீங்கள் சொன்னபடி ஒரு நாள் விருட்டென்று எழுந்தும் போனேன். பின்னாலேயே ஓடி வந்து கூப்பிடுவார்கள் என்றீர்கள். நான் எழுந்த நேரம் பார்த்து அவர் கொல்லைப்பக்கம் போயிருந்தார், நான் கோபித்துக்கொண்டு போனதே அவருக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டுக் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு நானே திரும்பிப் போனேன். வெயில் நாள் அது, கையில் குடையும் இருந்தது.

எப்படியோ ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை அண்ணன் கடையில் விலை எங்கள் தொகைக்கு வந்து நின்றது. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன், சகலை. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது அந்த மனிதர் பெருமூச்சு விட்டு, "இவ்வளவு கீழ நான் யாருக்கும் குடுத்ததில்ல சார். கூடப்பொறந்தவன் மேல இருக்கற கோவத்துல குடுக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் கையெழுத்தைப் போட்டுவிட்டு அனுதாபப்பட்டிருப்பார்கள். என் வாயிலிருந்து என்னைக் கேட்காமலே முப்பத்தொரு வருடப் பழக்கம் கிளம்பிற்று. "இது எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மனைவியின் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். அந்த இடம் இன்னும் கன்றித்தான் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். ஒன்பது வருடம் முன்பு கடைத் திறப்பு அன்று ரிப்பன் கட்டியிருந்தார்கள், வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. தம்பி வாங்கி வர ஓடியிருக்கிறார். வந்தவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்களே என்று அண்ணன் கயிறு அறுக்கும் கத்தியால் ரிப்பனை அறுத்துவிட்டார். தம்பி புதுக் கத்தரிக்கோலோடு வந்து பார்த்தால் எல்லோரும் உள்ளே பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுவாரமே சுவர் எழும்பிவிட்டது. அந்தக் கத்தரிக்கோல் இன்னும் பிரிக்காத கவரிலேயே தம்பியின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்கு வரவழைத்தேன். எதிரெதிரே உட்கார வைத்தால் முறைப்பார்கள், பக்கத்தில் வைத்தால் முகத்தைத் திருப்புவார்கள், ஆகவே மூலைக்கு மூலை நாற்காலி போட்டு, ஒரே நேரத்தில் டீ கொடுத்து, இரண்டு மணி நேரம் பேச வைத்தேன். கடைசியில் அண்ணன், "நீ வர்ற வரைக்கும் நின்னுருக்கணும்டா, தப்புதான்" என்றார். தம்பி அழுதார். கட்டிக்கொண்டார்கள். மூன்று பிரதியில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் படகு என் ஞாபகத்திலேயே இல்லை.

திங்கட்கிழமை போனால் நடுச்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மேஜைக்குப் பின்னால் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க சார், இனிமே எங்களுக்குள்ள போட்டியே கெடையாது, ஒரே கடை, ஒரே வெல" என்றார் தம்பி. முதல் நாள் விலை. "போன வாரம் அண்ணன் சொன்ன வெல?" என்றேன். "அது கோவத்துல சொன்னது சார். கோவந்தான் தீந்துடுச்சே, நீங்கதானே தீத்து வெச்சீங்க" என்று அண்ணன் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். முன்பு கோபத்தில் சொன்ன எதையும் இரு தரப்பும் இனிப் பொருட்படுத்தலாகாது என்பது அதில் இரண்டாவது அம்சம். என் கையெழுத்து, என் வாசகம்.

இது போதாதென்று, கல்லாச் சாவி யாரிடம், மின்விசிறி யார் பக்கம் என்று ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் இருவரும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். படகு கைநழுவியதைச் சொன்னபோது உங்கள் மனைவியின் அக்கா "சரி" என்றாள். திட்டியிருக்கலாம். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எத்தனையோ வேலைநிறுத்த நோட்டீஸ்களைக் கலங்காமல் வாங்கியவன் நான், அந்த ஒரு சொல்லுக்குக் கலங்கிவிட்டேன். ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்தேன், அவள் கேட்ட ஒன்றைச் செய்யத் துப்பில்லை. ஆகவே படகு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். ஏரிக்கரைப் பக்கமே போவதாக இல்லை. தயவுசெய்து புது யோசனை எதுவும் சொல்ல வேண்டாம்.

கொழுந்தியாளுக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, யாருக்கும் நடுவில் போய் உட்காராத ஒரு வேலைக்குப் போக என் மனமார்ந்த ஆசிகள். உங்களுக்கு என் வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் ஐந்து நாள் மேஜையில் கிடந்தது. அதற்குள் மேலே எழுதியது எல்லாம் மாறிவிட்டது. புதன்கிழமை உங்கள் மனைவியின் அக்கா தனியாகக் கடைக்குப் போய், "ஒண்ணா சேந்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம். புது போர்டு வெப்பீங்களே, அதுல யார் பேரு மொதல்ல வரும்?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் செங்கல் வந்து இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தம்பி கடையில், எங்கள் தொகைக்கும் கீழே, பில் போட்டாயிற்று. படகு ஏரியில் நிற்கிறது. "பில்லு கைக்கு வந்தாச்சு, வேணும்னா இப்ப போய் திரும்பவும் சேத்து வைங்க" என்று எனக்கு அனுமதியும் கொடுத்துவிட்டாள். இப்போது காலை மணி ஆறு. முன்வாசலில் அண்ணன் தட்டுகிறார், தம்பி குரலும் கேட்கிறது, "சார், சார், ஒரே ஒரு நிமிஷம்" என்கிறார்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றபடி அவள் என்னைப் பார்க்கிறாள். சத்தம் போடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன், சகலை. நாங்கள் பின்வாசல் வழியாகப் போகிறோம்.